மனச்சோர்வு: சேலத்துக் குடும்பங்கள் அதிகம் கேட்கும் கேள்விகள்

சேலத்திலும் சேர்வராயன் மலை ஊர்களிலும் மனச்சோர்வு வந்தவர்களின் வீட்டாரோடு உட்கார்ந்து பேசுவது என் வேலை. டாக்டரிடம் கேட்கத் தயங்கி, வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டே என்னிடம் கேட்ட கேள்விகளைத்தான் இங்கே அவர்கள் பேச்சிலேயே போட்டிருக்கிறேன். பதில்களில் வருகிறவர்கள் யாரும் தனி ஒருவர் இல்லை. பலர் சொன்னதைச் சேர்த்து, அடையாளம் தெரியாதபடி எழுதியிருக்கிறேன்.

படிக்கும் உங்களுக்கோ உங்கள் வீட்டில் ஒருவருக்கோ உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் இப்போது இருந்தால், மற்றதைப் பிறகு படித்துக்கொள்ளலாம். 14416 என்ற எண்ணுக்கு உடனே கூப்பிடுங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் சேவை அது. இரவு பகல் எந்நேரமும் கிடைக்கும், கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம்.

கவலை இல்லாத மனுஷன் யாருங்க? இதுக்குப் போய் வியாதின்னு பேர் வைக்கணுமா?

கவலைக்கு ஒரு காரணம் இருக்கும். மகள் கல்யாணக் கடன், தறிக்கு ஆர்டர் இல்லாத மாதம், கிணறு வற்றிய கோடை. காரணம் இளகினால் கவலையும் இளகும். அதற்கு நடுவிலும் பேரன் ஓடி வந்து கழுத்தைக் கட்டிக்கொண்டால் முகம் மலரும். மனச்சோர்வு வந்தவருக்கு அந்த மலர்ச்சி வராது. பேரன் வந்தது தெரியும், தூக்கி வைத்துக்கொள்ளவும் செய்வார், ஆனால் உள்ளே ஒன்றும் அசையாது. இதை அவரே சொல்லி அழுவார்.

டாக்டர்கள் ஒன்பது அறிகுறிகளைப் பார்க்கிறார்கள். முதல் இரண்டு முக்கியமானவை: பெரும்பாலான நேரமும் மனம் தாழ்ந்து கிடப்பது, முன்பு பிடித்த எதிலும் நாட்டம் இல்லாமல் போவது. இவற்றில் ஒன்றாவது இருந்தாக வேண்டும். தூக்கம் கெடுதல் (விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு வந்து திரும்பத் தூங்க முடியாமல் கிடப்பது ரொம்பப் பேர் சொல்வது, சிலருக்கு நேர்மாறாக நாள் முழுக்கத் தூக்கம்), பசியும் எடையும் மாறுதல், அசதி, நடையும் பேச்சும் மந்தமாவது அல்லது இருப்புக்கொள்ளாமல் தவிப்பது, எதிலும் கவனம் நிற்காமல் போவது, ‘நான் எல்லாருக்கும் பாரம்’ என்ற குற்றவுணர்வு, சாவைப் பற்றிய எண்ணம் ஆகியவை மற்றவை. மொத்தம் ஐந்தாவது, ஏறக்குறைய தினமும், இரண்டு வாரத்துக்குக் குறையாமல் இருந்து, வேலையையும் வீட்டையும் பாதித்தால் அது நோய்.

பெங்களூரில் உள்ள நிம்ஹான்ஸ் என்ற மனநல மருத்துவ நிறுவனம் 2015-16ல் நடத்திய தேசிய மனநல ஆய்வில் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்கள் இடம்பெற்றன. வயது வந்தவர்களில் ஏறத்தாழ இருபதில் ஒருவருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது மனச்சோர்வு வந்திருப்பதாக அது கண்டது. அவர்களில் பெரும்பாலோர் சிகிச்சைக்கே வரவில்லை என்றும் கண்டது. உங்கள் தெருவில் எத்தனை வீடு என்று எண்ணிப் பாருங்கள்.

அவரு மனசப் பத்தி ஒண்ணும் சொல்றதில்லையே. உடம்பு வலி, தலை பாரம்னுதான் சொல்றாரு?

நம் ஊரில் மனச்சோர்வு பெரும்பாலும் இந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் ஆஸ்பத்திரிக்கு வருகிறது. கை கால் ஓய்ந்துபோகிறது, நெஞ்சு படபடக்கிறது, வயிற்றில் வாயு, தலையில் கல்லைத் தூக்கி வைத்த மாதிரி இருக்கிறது. இவை நடிப்பு கிடையாது. வலி நிஜமாகவே இருக்கிறது. மூளையில் மனநிலையைக் கவனிக்கும் பகுதிகளும் வலியைக் கையாளும் பகுதிகளும் நெருங்கி இயங்குவதால் ஒன்று கெட்டால் மற்றதும் கெடும்.

இதனால் என்ன ஆகிறது? முதலில் தெருமுனை மருந்துக் கடையில் வலி மாத்திரை. அடுத்து ‘சத்தே இல்லைங்க, ஒரு பாட்டில் ஏத்திவிடுங்க’ என்று குளுக்கோஸ். ஏற்றின அன்று சாயங்காலம் கொஞ்சம் தெம்பு, மறுநாள் பழையபடி. பிறகு ஸ்கேன், எண்டோஸ்கோப்பி, ஐந்து ரோட்டில் ஒரு டாக்டர், கோயம்புத்தூரில் ஒரு டாக்டர். ‘எல்லாம் நார்மல், உங்களுக்கு ஒண்ணுமில்லை’ என்று ரிப்போர்ட் வரும்போது நோயாளி இன்னும் உடைந்துபோகிறார். வலிக்கிறவரிடம் ஒன்றுமில்லை என்று சொன்னால் அவர் எங்கே போவார்?

அதற்காகச் சோதனையே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். தைராய்டு குறைவு, இரத்தசோகை, பி12 குறைவு, கட்டுக்கு அடங்காத சர்க்கரை இவையெல்லாம் மனச்சோர்வு போலவே அசதியையும் மந்தத்தையும் கொண்டுவரும். இரத்தச் சோதனை ஒருமுறை அவசியம். அது சரியாக இருந்தும் அசதி போகவில்லை என்றால், தூக்கம் எப்படி, மனசு எப்படி என்று கேட்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

எங்க மருமக காலையில எழுந்திரிக்கறதே இல்ல. இது சோம்பேறித்தனம் இல்லாம வேற என்னங்க?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன். எனக்கு மிகவும் வருத்தம் தருகிற கேள்வி இது.

செவ்வாய்பேட்டை, சிவதாபுரம் பக்கம் வீட்டிலேயே கொலுசு வேலை செய்கிற பெண்கள் நிறைய. பட்டறையிலிருந்து வெள்ளிக் கண்ணிகளை எடை போட்டு வாங்கி வந்து, கோத்து, திரும்ப எடை போட்டுக் கொடுப்பார்கள். அப்படி ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மத்தியானச் சமையல் முடிந்ததும் பாயை விரித்து உட்கார்ந்தால், டிவி பாட்டுக்கு ஓட, கை பாட்டுக்குக் கோக்கும். கண்ணால் பார்க்கக்கூட வேண்டாம். இப்போது அதே பாய், அதே தட்டு. ஒரு கண்ணியைக் கையில் எடுக்கிறாள். அடுத்ததை எடுப்பதற்குள் எதற்கு எடுத்தோம் என்பது நழுவிப்போகிறது. கோத்ததைத் தப்போ என்று பிரிக்கிறாள், திரும்பக் கோக்கிறாள். சாயங்காலம் பட்டறைப் பையன் வந்து கேட்கும்போது பாதிகூட முடியவில்லை. இரண்டு முறை வேலை திரும்பி வருகிறது. மூன்றாம் முறை அவர்களே கொடுப்பதை நிறுத்திவிடுகிறார்கள். வீட்டில் ‘கைச்செலவுக்கு வந்த காசும் போச்சு’ என்று ஒரு வார்த்தை. அன்று இரவு அவள் தூங்கவில்லை. விடியும்போதுதான் கண் அசந்தது. அந்த நேரத்தில்தான் மாமியார் வந்து, இன்னும் படுத்திருக்கிறாளே என்று பார்க்கிறார்.

சோம்பல் உள்ளவர் பிடிக்காத வேலையைத் தள்ளிப்போடுவார். பிடித்ததைச் செய்வார், அதில் சந்தோஷமும் படுவார். மனச்சோர்வு உள்ளவருக்குப் பிடித்ததும் கை நழுவிப்போகும். பூ வைக்க மறப்பார், தம்பியின் போனை எடுக்க மாட்டார், குளிப்பதே மலை ஏறுவது போலிருக்கும். காலையில் மோசமாகவும் பொழுது சாயச் சாயக் கொஞ்சம் தேவலையாகவும் இருப்பது பலருக்கு உண்டு. ‘சாயங்காலம் மட்டும் நல்லா பேசுறா, காலையில வேலைன்னா மட்டும் படுத்துக்கறா’ என்று சந்தேகப்படுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். நோயின் போக்கே அப்படித்தான்.

மருமகளிடம் ‘ஏன் எழுந்திரிக்கல’ என்று கேட்பதற்குப் பதில் ‘ராத்திரி தூங்கினியா கண்ணு’ என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

எதனால வருது? எங்க வம்சத்துல யாருக்கும் கிடையாதுங்களே?

ஒரே காரணம் என்று ஒன்று கிடையாது. இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகள், பரம்பரையின் பங்கு ஏறத்தாழ 35 முதல் 40 சதவீதம் என்கின்றன. மீதி வாழ்க்கை: சின்ன வயதில் பட்ட அடி, இழப்பு, கடன், குடும்ப வன்முறை, தனிமை, நீண்ட நாள் நோய். வாராவாரம் குழுக்கடன் தவணைக்கு ஆள் வந்து வாசலில் நிற்பதும், விசைத்தறிச் சத்தத்தில் ராத்திரி ஷிப்ட் பார்த்துத் தூக்கம் தலைகீழானதும் சாதாரண விஷயங்கள் கிடையாது.

மூளையில் செரோட்டோனின் என்ற ஒரு பொருள் குறைந்தால் இந்த நோய் வரும் என்று எளிமையாகச் சொல்லிவந்தார்கள். விஷயம் அவ்வளவு எளிது இல்லை என்று இப்போது ஆராய்ச்சியாளர்களே ஒப்புக்கொள்கிறார்கள். அதனால் மாத்திரை வேலை செய்யாது என்று ஆகிவிடாது. எப்படி வேலை செய்கிறது என்பதில்தான் விவாதம்.

எந்தக் காரணமும் இல்லாமல், எல்லாம் நன்றாக இருக்கும்போதும் வரும். ‘உனக்கென்ன குறைச்சல்’ என்ற கேள்வி அப்படிப்பட்டவரை நேராகக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறது.

ஆம்பளைங்களுக்கும் வருமா?

வரும். பெண்களுக்கு ஆண்களைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு அதிகம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆனால் ஆண்களுக்கு வரும்போது அது அழுகையாக வெளியே தெரியாது. எரிச்சல், சிடுசிடுப்பு, வண்டியைக் கண்மண் தெரியாமல் ஓட்டுவது, கூடுதலாகக் குடிப்பது. ‘தூக்கம் வர்றதுக்குத்தாங்க ரெண்டு’ என்று டாஸ்மாக்கில் ஆரம்பிப்பார். சாராயம் கண்ணை மூட வைக்கும். ஆனால் பின்னிரவில் தூக்கத்தைக் கலைக்கும், மறுநாள் மனசை இன்னும் கீழே இறக்கும். குடி முதலில் வந்ததா மனச்சோர்வு முதலில் வந்ததா என்று வீட்டில் சண்டை போட வேண்டாம். இரண்டுக்கும் ஒன்றாகவே சிகிச்சை எடுக்க வேண்டும்.

ஏற்காட்டுக்குக் கூட்டிட்டுப் போய் நாலு நாள் இருந்துட்டு வந்தா தெளிஞ்சிரும்ங்கறாங்களே?

வேலைக் களைப்பு என்றால் தெளியும். மனச்சோர்வுக்கு இது மருந்தாகாது. சில நேரம் கெடுதலும் செய்யும்.

இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி, ஏரிக்கரையில் எல்லோரும் போட்டோ எடுத்துக்கொண்டு சிரிக்கும்போது, தனக்கு மட்டும் எதுவும் தோன்றவில்லையே என்று அவருக்கு முன்பைவிடத் தெளிவாகத் தெரிகிறது. ‘இவ்வளவு செலவு பண்ணிக் கூட்டிட்டு வந்தாங்க, அப்பவும் நான் இப்படியே இருக்கேன்’ என்ற குற்றவுணர்வும் சேர்ந்துகொள்கிறது. கீழே இறங்கியதும் ‘மலைக்குப் போயும் திருந்தலையே’ என்று வீட்டார் கைவிடுகிறார்கள். கொஞ்சம் தேறிய பிறகு, அவரே ஆசைப்பட்டால், போய்வாருங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நமக்குச் சுற்றுலாத் தலமாக இருப்பது பல ஆயிரம் பேருக்கு ஊர். மலையாளிப் பழங்குடி மக்களும் காபித் தோட்டத் தொழிலாளர்களும் அந்தக் குளிர்காற்றில்தான் வாழ்கிறார்கள், அவர்களுக்கும் இந்த நோய் வருகிறது. நவம்பரிலிருந்து காபிப் பழம் பறிக்கும் பருவம். எடைக்குத் தக்க கூலி என்னும் இடத்தில், கை மந்தமானால் கூலியும் குறையும். உள்ளடங்கிய ஊர்களுக்குப் பஸ் குறைவு. மனநல டாக்டரைப் பார்க்க மலை இறங்கி ஒருநாள் கூலியை விட வேண்டும். அப்படிப்பட்டவர்கள் மலையிலேயே உள்ள அரசு மருத்துவமனையில் முதலில் காட்டலாம், முதல்கட்டப் பேச்சுக்கு 14416ஐக் கூப்பிடலாம்.

செய்வினைன்னு சொல்றாங்க. மந்திரிச்சுக் கயிறு கட்டினோம். தப்பா?

கும்பிடுவதில் என்ன தப்பு? ஆடியில் கோட்டை மாரியம்மனுக்குப் பொங்கல் வைப்பதும், சேர்வராயன் கோயிலுக்கு நடந்துபோவதும், தர்காவில் ஓதிக்கொள்வதும், சர்ச்சில் ஜெபிப்பதும் மனசுக்குப் பிடிமானம் தருகின்றன. கூட்டத்தோடு சேர்ந்திருப்பதே நல்லது.

மூன்று இடத்தில் மட்டும் எல்லை போடுங்கள். மாத்திரையை நிறுத்தச் சொன்னால் கேட்காதீர்கள். அடிக்கவோ கட்டிவைக்கவோ யாரையும் விடாதீர்கள். பரிகாரம் என்று ஆயிரக்கணக்கில் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு காப்பகக் கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் உயிரிழந்தார்கள். ஓட முடியாமல்தான் செத்தார்கள். நோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் எந்த வகையிலும் அனுமதிக்கவில்லை.

ஒரு கல்யாணத்தப் பண்ணி வச்சா சரியாப் போயிடுமா?

போகாது. புது வீடு, புது ஆட்கள், புது எதிர்பார்ப்பு என்று பாரம்தான் கூடும். இன்னொரு வீட்டுப் பிள்ளையையும் விவரம் சொல்லாமல் இதில் இழுத்துவிடுகிறீர்கள். முதலில் சிகிச்சை. தேறியவர்கள் கல்யாணம் செய்துகொண்டு நன்றாக வாழ்கிறார்கள். மாப்பிள்ளைக்கோ பெண்ணுக்கோ விஷயத்தைச் சொல்லிவிட்டுச் செய்யுங்கள் என்பது என் கருத்து. மாத்திரையை ஒளித்து வைத்து விழுங்குகிற வாழ்க்கை ரொம்ப நாள் ஓடாது.

பிரசவம் ஆகி ஒரு மாசம் ஆச்சு. குழந்தையப் பார்த்தாலே அழறா.

பிரசவமான முதல் சில நாட்களில் காரணமில்லாத அழுகை பாதிக்கு மேற்பட்ட தாய்மார்களுக்கு வரும். இரண்டு வாரத்துக்குள் தானாக அடங்கிவிடும். ஒரு மாதம் ஆகியும் இருந்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம். ‘பெத்த குழந்தை மேல பாசமே வரலையே, நான் என்ன தாய்’ என்று உள்ளுக்குள் வெந்துகொண்டிருப்பாள். அதை அம்மாவிடம்கூடச் சொல்ல மாட்டாள். பால் கொடுக்கும்போதும் எடுத்துக்கொள்ளத்தக்க மாத்திரைகள் உண்டு, டாக்டர் பார்த்துத் தருவார். ராத்திரிக் குழந்தையை ஒருவர் வாங்கிக்கொண்டு அவளை நான்கைந்து மணி நேரம் விடாமல் தூங்கவிடுவது வீட்டார் செய்யக்கூடிய பெரிய உதவி.

காதில் குரல் கேட்கிறது என்றாலோ, சம்பந்தமில்லாமல் பேசினாலோ, குழந்தையை ஏதாவது செய்துவிடுவேனோ என்றாலோ அன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். தாயையும் குழந்தையையும் தனியே விட வேண்டாம்.

பிளஸ் டூ படிக்கிற பையன் எரிஞ்சு எரிஞ்சு விழறான்?

விடலைப் பருவத்தில் மனச்சோர்வு சோகமாகத் தெரியாமல் எரிச்சலாகவே தெரியலாம். மார்க் திடீரென இறங்குவது, நண்பர்களை விட்டு ஒதுங்குவது, விளையாட்டை நிறுத்துவது ஆகியவற்றைக் கவனியுங்கள். தேர்வு முடிவு வரும் மே மாதத்தில் வீட்டில் ஒரு பெரியவர் கூடவே இருங்கள். மாநில அரசின் 104 சுகாதார உதவி எண்ணிலும் மாணவர்களுக்கு ஆலோசனை உண்டு.

பாட்டிக்கு எல்லாம் மறந்து போகுது. வயசாச்சுன்னு விட்டுடலாமா?

விட வேண்டாம். முதியவர்களின் மனச்சோர்வு மறதிநோய் போலவே தோற்றம் காட்டும். மறதிநோய் உள்ளவர் தனக்கு மறதியே இல்லை என்று சாதிப்பார். மனச்சோர்வில் இருப்பவர் பெரும்பாலும் ‘எனக்கு ஒண்ணுமே ஞாபகமில்ல, எங்கிட்டக் கேக்காதே’ என்பார். இது பொது அடையாளம்தான், முடிவு செய்வது டாக்டர் வேலை. மனச்சோர்வு என்றால் சிகிச்சையில் நினைவும் தேறும்.

பெரியாஸ்பத்திரிக்குப் போனா என்ன கேப்பாங்க? ஷாக் வைப்பாங்களா?

சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. காலையில் சீக்கிரம் போய் ஓ.பி. சீட்டு வாங்கி ‘மனநலம்’ என்று சொன்னால் வழி காட்டுவார்கள். மாவட்ட மனநலத் திட்டத்தின் டாக்டர் வெளியூர் அரசு மருத்துவமனைகளுக்கும் குறித்த நாட்களில் வருவார். ஆத்தூர், மேட்டூர், எடப்பாடிப் பக்கம் இருப்பவர்கள் அங்கேயே நாள் கேட்டுக்கொண்டால் சேலம் வரும் செலவு மிச்சம். பார்ப்பதும் மாத்திரையும் இலவசம்.

எப்போதிலிருந்து, தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, குடிப்பழக்கம் உண்டா, வேறு என்ன மாத்திரை, வீட்டில் வேறு யாருக்காவது உண்டா, சாகும் எண்ணம் வந்ததா என்று கேட்பார்கள். ‘எப்பவாவது அளவுக்கு மீறிய உற்சாகத்தோட, தூக்கமே இல்லாம, காச வாரி இறைச்சிருக்காரா?’ என்றும் கேட்பார்கள். இதற்கு மறைக்காமல் பதில் சொல்லுங்கள். அப்படி இருந்திருந்தால் அது இருமுனை நோயாக இருக்கலாம். அதற்கு மனச்சோர்வு மாத்திரையை மட்டும் கொடுத்தால் மறுபக்கம் தூக்கிவிடும். பழைய சீட்டு, ரிப்போர்ட் எல்லாவற்றையும் எடுத்துப்போங்கள். நோயாளி கொஞ்ச நேரம் டாக்டரோடு தனியாகப் பேச இடம் கொடுங்கள்.

மின் சிகிச்சை எல்லோருக்கும் கிடையாது. சாப்பாடு தண்ணீர் இறங்காத நிலை, உயிருக்கு ஆபத்து, மருந்து கேட்காத கடுமை போன்றவற்றுக்கே வைத்திருக்கிறார்கள். மயக்கமும் தசைத் தளர்வு மருந்தும் தராமல் அதைச் செய்யச் சட்டம் தடை விதித்திருக்கிறது.

மாத்திரைய ஆரம்பிச்சா ஆயுசுக்கும் விட முடியாது, அடிமையாயிடுவாங்கன்னு சொல்றாங்களே?

இந்த பயத்தில் மாத்திரையைத் தொடாமல் வருடக்கணக்கில் வாடுகிறவர்கள் உண்டு. பிரித்துச் சொல்கிறேன்.

மனச்சோர்வுக்குத் தரும் ஃப்ளூவாக்ஸிடின், செர்ட்ராலின், எஸ்சிடலோபிராம் போன்றவை போதை தருவதில்லை. நாளுக்கு நாள் கூட வேண்டும் என்ற ஏக்கமும் வராது. தூக்கத்துக்கும் படபடப்புக்கும் தரும் அல்பிரசோலாம், குளோனாசிபாம் வகை வேறு. அவற்றை வாரக்கணக்கில் தொடர்ந்தால் உடம்பு பழகிவிடும். ‘அடிமையாயிட்டாரு’ என்று நீங்கள் கேள்விப்பட்டது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை. டாக்டர் சில நாளைக்கு எழுதியதை மருந்துக் கடையில் பழைய சீட்டைக் காட்டி மாதக்கணக்கில் வாங்கிப் போடுவதால் வருவது இது.

மாத்திரை பலன் தர இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். முழுப் பலன் தெரிய ஆறு, எட்டு வாரம்கூட ஆகலாம். ஆனால் குமட்டல், தலைவலி, வயிற்றுப்போக்கு, ஒருவிதப் பதற்றம் போன்ற தொந்தரவுகள் முதல் வாரமே வந்துவிடும். கெட்டது முதலில், நல்லது பிற்பாடு. இதை யாரும் முன்கூட்டிச் சொல்லாததால்தான் பாதிப் பேர் பத்தாம் நாளே நிறுத்திவிடுகிறார்கள் என்பது என் எண்ணம். அந்தத் தொந்தரவுகள் பெரும்பாலும் தானாகக் குறையும். தாம்பத்திய நாட்டம் குறைவது மட்டும் சிலருக்கு நீடிக்கும். வெட்கப்படாமல் டாக்டரிடம் சொன்னால் மருந்தை மாற்றித் தருவார். இளம் வயதினருக்கு முதல் சில வாரங்களில் சாவு எண்ணம் கூடுகிறதா என்று வீட்டார் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முதல் மாத்திரையிலேயே எல்லோருக்கும் முழுக் குணம் வந்துவிடாது. அமெரிக்காவில் நடந்த ஒரு பெரிய ஆய்வில் மூன்றில் ஒருவருக்குத்தான் அப்படி வந்தது. மற்றவர்களுக்கு அளவைக் கூட்டியோ மருந்தை மாற்றியோ பார்த்தபோது மேலும் பலர் தேறினார்கள். ஒன்று கேட்கவில்லை என்றால் எதுவுமே கேட்காது என்று முடிவு கட்டாதீர்கள்.

நன்றாக ஆன பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும். நிறுத்தும்போது டாக்டர் சொல்லும் கணக்கில் படிப்படியாகக் குறைக்க வேண்டும். திடீரென நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், உடம்பில் மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு வரும்.

மாத்திரை இல்லாம பேச்சாலயே குணமாக்க முடியுமா?

லேசான, நடுத்தர நிலையில் முடியும். கடுமையானால் இரண்டும் சேர்ந்து வேண்டும். இந்தப் பேச்சு நாம் திண்ணையில் சொல்லும் புத்திமதி போன்றது இல்லை. முறை வகுத்துச் செய்வது.

கோவாவில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஓர் ஆய்வு நடந்தது, 2017ல் வெளியானது. டாக்டர் பட்டமோ உளவியல் பட்டமோ இல்லாத உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்து, மனச்சோர்வு உள்ளவர்களோடு ஆறிலிருந்து எட்டு முறை பேசவைத்தார்கள். மூன்று மாதத்தில் அப்படிப் பேசப்பட்டவர்களில் நூற்றுக்கு 64 பேர் தேறியிருந்தார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 39 பேர். நம் மலை ஊர்களுக்கு இதில் பெரிய நம்பிக்கை இருக்கிறது என்று நினைக்கிறேன்.

அதன் அடிப்படை எளிமையானது. மனசு சரியான பிறகு செய்யலாம் என்று காத்திருக்காமல், மனசு இல்லாவிட்டாலும் சின்னதாக ஒன்றைக் குறித்த நேரத்தில் செய்வது. செய்யச் செய்ய மனசு பின்னால் வரும். அம்மாபேட்டைத் தறிக்காரர் ஒருவருக்கு முதல் வாரம் எழுதிக்கொடுத்தால் அது இவ்வளவுதான் இருக்கும்: காலை ஏழு மணிக்குப் பல் விளக்கி வாசலுக்கு வருவது. பத்து மணிக்கு முக்கு வரை நடந்து திரும்புவது. சாயங்காலம் அக்காவுக்கு ஐந்து நிமிடம் போன். ஒவ்வொன்றுக்கும் எதிரே, செய்யுமுன் மனசுக்குப் பத்துக்கு எத்தனை, செய்த பின் எத்தனை என்று குறித்துக்கொள்வது. இரண்டு நான்கானாலும் அது கண்ணுக்குத் தெரிகிறது. இரண்டாம் வாரம், தறியில் உட்காராமல் தறிக்கூடத்துக்குப் போய்ப் பத்து நிமிடம் நின்று வருவது. ஓட்டுவது அதற்கப்புறம்.

வீட்டுல நாங்க என்ன பேசணும், எதப் பேசக் கூடாது?

‘மனச தைரியமா வச்சுக்கோ’ என்பதை விட்டுவிடுங்கள். தைரியத்தை வைக்க முடியாததுதான் நோய். ‘உன்னவிடக் கஷ்டப்படுறவங்கள பாரு’ என்பதும் வேண்டாம், அது குற்றவுணர்வைத்தான் கூட்டும். ‘நான் இங்கதான் இருக்கேன்’, ‘வா, ரெண்டு பேரும் டீ போடலாம்’, ‘டாக்டர்கிட்ட நானும் வரேன்’ போதும். பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதும் உதவிதான். நிலம் விற்பது, வேலையை விடுவது, விவாகரத்து போன்ற பெரிய முடிவுகளைத் தேறும் வரை தள்ளிவையுங்கள்.

கவனித்துக்கொள்கிற நீங்களும் களைத்துப்போவீர்கள். முறை வைத்துக்கொண்டு மாறி மாறிப் பாருங்கள்.

சாகணும்னு சொல்றாரு. சும்மா பயமுறுத்தறாரா?

சொல்கிறவர் செய்ய மாட்டார் என்பது உயிரைக் குடிக்கும் பொய். நேராகவே கேளுங்கள்: ‘உயிர விட்டுடலாம்னு தோணுதா?’ கேட்பதால் இல்லாத எண்ணம் முளைத்துவிடாது. கேட்க ஒரு ஆள் கிடைத்ததே என்று பலரும் உடைந்து அழுதுவிடுவார்கள். ஆமாம் என்றால் தனியே விடாதீர்கள். பூச்சிமருந்து, மாத்திரை போன்றவற்றை வீட்டை விட்டே அப்புறப்படுத்துங்கள், தோட்டத்துக் கொட்டகையில் இருப்பதையும் சேர்த்து. அந்த வேகம் பல நேரம் சில நிமிடங்களிலோ சில மணி நேரத்திலோ தணிந்துவிடும். அதுவரை கைக்கு எட்டாமல் இருந்தாலே பலர் பிழைத்துக்கொள்கிறார்கள். அன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள், அல்லது 14416. சென்னையில் 1986 முதல் இயங்கும் சிநேகா அமைப்பிடமும் 044-24640050 என்ற எண்ணில் பேசலாம்.

போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து மறைக்காதீர்கள். முயற்சி செய்தவர் கடும் மன நெருக்கடியில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்று 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு சொல்கிறது.

வெளிய தெரிஞ்சா பேரு கெட்டுடுமே? வேலைக்கு எப்ப போகலாம்?

சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைத்திருப்பது சட்டப்படி ஆஸ்பத்திரியின் கடமை. மருத்துவக் காப்பீட்டிலும் உடல்நோய்க்கு இணையாக மனநோய்க்கும் இடம் தர வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது.

வேலைக்கு முழுக் குணமாகும் வரை காத்திருக்கத் தேவையில்லை. தூக்கம் ஓரளவு சீரானதும் அரை நாள் வேலையில் தொடங்கலாம். தறியிலும் பட்டறையிலும் இருப்பவர்கள் புது மாத்திரையால் தூக்கக் கலக்கம் இருக்கிறதா என்று முதல் சில நாள் பார்த்துவிட்டு இயந்திரத்தில் கை வையுங்கள். பைக்கும் அப்படியே.

குணமான பிறகு திரும்ப வருமா?

ஒருமுறை வந்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு இன்னொரு முறை வரலாம். ஒவ்வொருவருக்கும் அது திரும்பும்போது முதலில் தெரிகிற அறிகுறி ஒன்று உண்டு. ஒருவர் பேப்பர் படிப்பதை நிறுத்துவார், ஒருவர் சமையலில் உப்பை மறப்பார், ஒருவருக்கு மூன்று மணி விழிப்பு. தேறிய நிலையிலேயே நோயாளியும் வீட்டாரும் சேர்ந்து அது என்ன என்று பேசி, சீட்டு ஃபைலின் உள் அட்டையில் எழுதி வையுங்கள். அது இரண்டு வாரம் நீடித்தால், அடுத்த தேதிக்குக் காத்திருக்காமல் டாக்டரைப் பாருங்கள். மாத்திரை தீர்வதற்கு ஒரு வாரம் முன்பே போய் வாங்கி வந்துவிடுங்கள். தீபாவளி, பொங்கல் வாரத்தில் ஓ.பி. இருக்குமா என்று முன்னதாகவே கேட்டுக்கொள்ளுங்கள்.